யோகன் அண்ணைக்குப் போட்ட மாலை

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு ஈமெயில் வந்தது. பிரெஞ்சில். மிக மரியாதையான, அன்பான ஈமெயில்.

'மாலை காய்ந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் அதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். புதிதாக ஒன்று கொண்டுவந்து தர முடியுமா?'

அனுப்பியவர் ஜோசியான். மொன்ட்ரியாலில் ஒரு சின்ன ஜாஸ் மியூசியத்தின் பொறுப்பாளர். பழைய தையல் ஃபாக்டரி ஒன்றின் இரண்டாம் மாடியில் மூன்றே மூன்று அறைகள். முதல் அறையில் பழைய வாத்தியங்கள், இரண்டாவதில் இசைத்தட்டுகள். மூன்றாவதுதான் புகழ்க்கூடம். இந்தப் பக்கத்தில் ஜாஸ் வாசித்தவர்களில் வருடத்துக்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, சுவரில் படம் வைப்பார்கள். பெரிய பெயர்கள் மட்டுமில்லை. பார் மூலையில் இருபது வருடம் வாசித்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போனவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

ஈமெயிலை வாசித்துவிட்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே இருந்தேன்.

இதை எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். இந்தப் பத்தியில் இத்தனை வருடமாக மற்றவர்களின் மடத்தனங்களை எழுதி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். சரி... இந்த வாரம் என்னுடைய முறை.

யோகன் அண்ணையை உங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அவர் ரொக்ஸ்பரோவில் இருந்த, அதிகம் கதைக்காத ஒரு மனிதர், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் ஓர் இசைக்குழுவில் ட்ரம்ஸ் அடித்தவர். அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டது மூத்த அண்ணன் கனகரத்தினம். ஸ்பொன்சர் செய்து, தன் வீட்டில் அறை கொடுத்து, தான் வேலை செய்த பிளாஸ்டிக் ஃபாக்டரியிலேயே வேலையும் எடுத்துக் கொடுத்தார். அப்பா இல்லாத வீட்டில் அப்பாவும் அவர்தான்.

மூன்றாம் வருடம் தம்பி ஃபாக்டரியை விட்டார். டவுன்டவுனில் ஒரு பாரில், பியானோ, பேஸ், ட்ரம்ஸ் என்று மூன்று பேர் வாசிக்கும் குழுவில் சேர்ந்துவிட்டார்.

அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "மேளம் அடிக்கவோ உன்னை இஞ்ச கூப்பிட்டனான்? எங்கட குடும்பத்தில ஆர் மேளம் அடிச்சது?"

அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? ஊரில் யார் மேளம் அடிக்கலாம், யார் அடிக்கக் கூடாது என்ற அந்த நினைப்பு இருக்கிறதே... அதை நாங்கள் யாரும் சூட்கேசில் வைத்துக் கட்டவில்லை. அது தானாகவே ப்ளேன் ஏறி வந்துவிட்டது.

அன்றோடு கதை நின்றது. அண்ணன் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். தம்பி ரொக்ஸ்பரோவில். காரில் பத்து நிமிடம்கூட இல்லை. முப்பத்தொரு வருடம்!

போன மாரிக் குளிரில் யோகன் அண்ணை எனக்கு போன் எடுத்தார். அப்போதே நுரையீரல் வருத்தம். மூக்கில் குழாய், பக்கத்தில் ஒட்சிசன் சிலிண்டர். ஒரு வசனம் சொல்லி முடிக்க இரண்டு தரம் மூச்சு எடுப்பார்.

"தங்கச்சி, என்ர படத்தை வைக்கப்போறாங்கள்."

நான் சந்தோஷத்தில் கத்தினேன். அவர் பொறுமையாக இருந்துவிட்டுச் சொன்னார்: "ஒரு உதவி. இதைப் பேப்பரில எழுது. அண்ணை உன்ர பத்தி வாசிக்கிறவர்."

அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. புகழ் இல்லை, கைதட்டல் இல்லை. அண்ணன் ஒருக்கால் வாய் திறந்து, செய்தது பிழையில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் ஒருக்கால் வந்து பார்க்க வேண்டும். விழா முடியட்டும், படத்தோடு எழுதுகிறேன் என்று சொன்னேன்.

விழா ஜனவரியில், ஒரு ஞாயிறு மத்தியானம். யோகன் அண்ணையின் கழுத்துக்கென்று தமிழ்க் கடையில் சொல்லிவைத்து ரோஜா மாலை வாங்கியிருந்தேன். அன்று காலையில் தொடங்கியது உறைமழை. விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே ஐஸ் ஆகும் அந்த மழை. பத்து மணிக்கு அவருடைய மனைவி வசந்தி அக்கா போன் எடுத்தார். "சிலிண்டரோட இவரை நான் ஐஸில இறக்கமாட்டன். நீ போய் எல்லாத்தையும் வடிவாப் பாத்து வந்து சொல்லு."

நான் மெட்ரோவில் போனேன். கையில் மாலை. மியூசியத்தில் மொத்தம் பதினொரு பேர். யோகன் அண்ணையோடு வாசித்த பியானோக்காரர் ஊன்றுகோலோடு எழும்பி, இவன் ட்ரம்ஸ் அடித்தால் எனக்குப் பயமில்லாமல் இருக்கும் என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே இருந்துவிட்டார். பிறகு திரையை விலக்கினார்கள்.

பெரிய சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம். கையில் குச்சிகளோடு, இளமையான யோகன் அண்ணை. படத்துக்குக் கீழே ஒரு சின்ன மின்விளக்கு. அதற்கும் கீழே பெயர்த்தகடு. பெயர், பிறந்த ஆண்டு, ஒரு சின்னக் கோடு... கோட்டுக்குப் பிறகு வெற்றிடம்.

அந்த வெற்றிடம் எதற்கென்று எனக்கு உடனே தெரிந்தது. ஆனால் ஜோசியானுக்கு என் கையிலிருந்த மாலைதான் கண்ணில் பட்டது. அது எதற்கு என்று கேட்டார். எங்கள் ஆட்கள் மரியாதை செய்யும் முறை என்றேன்.

"பார்ஃபே! அருமை! படத்துக்குப் போடுங்கள்!"

என் கை ஒரு கணம் நின்றது. நின்றது என்று சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் பதினொரு பேரும் சிரித்த முகத்தோடு பார்க்கிறார்கள். ஜோசியான் என் போனையே வாங்கிப் படம் எடுக்கத் தூக்கிவிட்டார். ஆளின் கழுத்தில் விழுந்தால் மரியாதை, அதே ஆளின் படத்தில் விழுந்தால் இழவு — இதைப் பிரெஞ்சில், நின்ற நிலையில், விளக்கிச் சொல்லிப் பாருங்கள் பார்ப்போம். எனக்கு வரவில்லை. மற்றவர்கள் முகம் கோணக்கூடாது என்று மாலையைப் போட்டேன்.

அதோடு விட்டேனா?

நடந்ததை உடனே எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. மெட்ரோவுக்குள் இறங்கும்போது அந்தப் படத்தை எங்கள் ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். 'எங்கட யோகன் அண்ணை' என்று எழுதி, பக்கத்தில் கைகூப்பும் பொம்மை ஒன்றும் வைத்தேன். மிச்சத்தை வீட்டுக்குப் போய் விபரமாக எழுதலாம்தானே? கீழே போனதும் சிக்னல் போய்விட்டது.

மேலே வந்தபோது போன் துள்ளிக்கொண்டிருந்தது.

'ஆழ்ந்த அனுதாபங்கள்.' 'எப்ப நடந்தது?' 'எத்தினை மணிக்கு எடுக்கினம்?' டொரன்டோவில் இருந்து ஒருவர் மெழுகுதிரி வைத்துக் கண்ணீர் அஞ்சலிக் கார்டே செய்து அனுப்பியிருந்தார். அதில் அவர் 'மிருதங்க வித்துவான்' ஆகியிருந்தார். கர்க்லாண்டிலிருந்து ஒருவர் செத்தவீட்டுக்கு யார் சாப்பாடு கொடுப்பது என்று பட்டியல் தொடங்கிவிட்டார். அவர் உயிரோடு இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று நான் எழுத எழுத, அதற்கு மேலே இன்னும் பத்து அனுதாபம் வந்து விழுந்தது.

ரொக்ஸ்பரோவுக்கு போன் எடுத்தேன். வசந்தி அக்காதான் கதைத்தார். "வீட்டில ரெண்டு போன். ரெண்டும் நிக்காம அடிக்குது. நீயே போட்டனீ? உனக்குத் தெரியாதே? நீயே?"

டாக்ஸி பிடித்துப் போனேன். அந்த ஐஸில் ஒரு மணித்தியாலம் எடுத்தது. போகும்போதுதான் உறைத்தது — மன்னிப்புக் கேட்க இந்த ரோட்டில் போக முடிகிறதே, மாலையோடு ஏன் போகவில்லை? ஆளுக்கென்று வாங்கியதை ஆளிடம் கொண்டுபோகப் பஞ்சிப்பட்டு, சோம்பல்பட்டுத்தானே நாங்கள் எல்லோரும் சுவரைத் தேடுகிறோம்.

யோகன் அண்ணை சோபாவில், போர்வைக்குள் இருந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு மனைவியின் போனில் தன் அனுதாபங்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பார் தங்கச்சி. நான் தங்கமான மனிசனாம். முந்தி ஒருத்தரும் சொல்லேல்லை."

நான் அழுதேன். அவர் விரலால் போனைத் தள்ளித் தள்ளி எதையோ தேடிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "அண்ணை ஏதும் போட்டிருக்கிறாரோ?"

போடவில்லை.

அப்போது வாசலில் மணி அடித்தது. வசந்தி அக்கா கதவைத் திறந்தார். எழுபத்தெட்டு வயது மனிதர், கோட்டு பொத்தான் மாறிப் போட்டிருக்கிறது, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தார். அந்த ஐஸில் தானே கார் ஓடி வந்திருக்கிறார். "தம்பி... ஐயோ தம்பி... நான் வந்திட்டனடா..."

ஹோலுக்குள் வந்து நின்றார். தம்பியைப் பார்த்தார்.

"வாங்கோ அண்ணை. இருங்கோ," என்றார் யோகன் அண்ணை.

கனகரத்தினம் ஐயா இருந்தார். கோட்டோடுதான் இருந்தார். முகத்தைத் துடைத்தார். வசந்தி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.  

"ஆர் மாலை போட்டது?" என்று கனகரத்தினம் ஐயா கேட்டார்.

"நான்தான் ஐயா."

என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

யோகன் அண்ணை மூச்சு எடுத்து எடுத்துச் சொன்னார்: "அண்ணை... ஒருக்கா... அந்தப் படத்தைப் போய்ப் பாருங்கோவன். என்னை வைச்சிருக்கிறாங்கள்."

"போனில பாத்தனான். கையில தடியோட நிக்கிறாய்."

அவ்வளவுதான். தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினார். கதவைத் திறந்தார். விடைபெற, 'போட்டு வாறன்' என்று ஒரு சொல் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். வசந்தி அக்காவின் முகம் கறுத்தது. எங்கள் ஆட்கள் எந்த வீட்டிலிருந்து அப்படிச் சொல்லாமல் போவார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செத்தவீட்டிலிருந்து.

யோகன் அண்ணை மட்டும் அதைக் கண்டதாகக் காட்டவில்லை. "அழுதுகொண்டுதானே வந்தவர்," என்றார். "தம்பி எண்டவர். கேட்டனீதானே?" நான் வெளிக்கிடும் வரைக்கும் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் மாதம் அவர் போய்விட்டார். இந்தமுறை குரூப்பில் வசந்தி அக்காவின் தங்கைதான் செய்தி போட்டார். முதலில் வந்த பதில்: 'இது உண்மையோ?' அதற்குப் பிறகு ஏழெட்டு அனுதாபம். நிறையப் பேர் ஏற்கனவே சொல்லிவிட்டார்கள்தானே.

உடலை எடுத்த நாள் நல்ல வெயில். ரோட்டில் ஐஸ் ஒரு பொட்டும் இல்லை. அண்ணன் வரவில்லை. வசந்தி அக்கா தானே போன் எடுத்துக் கூப்பிட்டிருக்கிறார். அவர் சொன்னாராம்: "நான் அண்டைக்கே வந்து அழுதிட்டன் பிள்ளை. ஒருத்தனுக்கு எத்தினை தரம் அழுறது?"

உங்கள் பிழையால்தானே அண்ணன் ஒருமுறையாவது வந்தார், எல்லாம் நன்மைக்குத்தான் என்று தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள். இரண்டு பேர் நேரிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த மனிதரிடம் தம்பிக்கென்று இருந்தது ஒரே ஒரு பயணம். முப்பத்தொரு வருடமாக அதைச் செலவழிக்காமல் வைத்திருந்தார். அதை நான் ஒரு கைகூப்பும் பொம்மையால் வீணாக்கினேன். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு இது இப்படித்தான் தெரிகிறது.

ஜோசியானின் ஈமெயிலுக்கு வருகிறேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, வியாழக்கிழமை டொலார்டுக்கு, கனகரத்தினம் ஐயாவுக்கு போன் எடுத்தேன். யோகன் அண்ணை கேட்ட உதவியை இப்படியாவது செய்யலாம் என்று ஒரு நப்பாசை.

"ஐயா, படத்துக்குப் புது மாலை கேக்கினம். நீங்கள் வந்து போடுங்கோ. நானே காரில கூட்டிக்கொண்டு போறன்."

 பின்னால் டீவி ஓடுவது கேட்டது. அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னார்:

"நீயே போடு பிள்ளை. உனக்குத்தானே பழக்கம்."

சனிக்கிழமை தனியாகப் போனேன். பெயர்த்தகட்டில் கோட்டுக்குப் பிறகு இருந்த வெற்றிடத்தை நிரப்பியிருந்தார்கள். காய்ந்ததைக் கழற்றிவிட்டுப் புது மாலையைப் போட்டேன்.

இந்தமுறை பிழை ஒன்றும் இல்லை.