பட்டாளக்காரன் சிலைக்கு வைத்த படையல்

எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் என் கொழுந்தன் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. உடம்பு வரவில்லை. மூன்று வருஷமாகியும் அத்தை அவருக்குப் படையல் வைக்கவில்லை.

"கண்ணால பாக்காம எம்புள்ளய செத்தவன்னு சொல்லி எப்படிய்யா இலை போடுவேன்?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். அதற்குப் பிறகு அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தச் சமயம் எறணாகுளத்தில், ஆறு காயலோடு சேரும் கரையில், சண்டையில் இறந்தவர்களுக்காக ஒரு பட்டாளக்காரன் சிலையை வைத்தார்கள். ஆடி அமாவாசையன்று காலையில், அதைப் பார்க்க வேண்டும் என்றார் அத்தை. வீட்டுக்காரருக்குக் கொச்சங்காடி மிளகுக் கிடங்கில் வேலை. அதனால் நான் கூடப் போனேன். வெளி ஆட்களிடம் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். ஆனால் அத்தைக்கு மலையாளம் வராது. நான் இங்கே மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள்.

மட்டாஞ்சேரியில் போட் ஏறி அக்கரை போய்ச் சேர்ந்தோம். சிலை இரண்டாள் உயரம். கையில் துப்பாக்கி, தலையில் இரும்புத் தொப்பி. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று முறை சுற்றி வந்தார். ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் காவல் சாமியைச் சுற்றுவது போலவே சுற்றினார். கடலை தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு எங்காவது ஓடி ஒளியலாம் போல இருந்தது.

அத்தை சிலையின் முகத்தை அண்ணாந்து பார்த்தார். "எம்புள்ள சாடை இல்லியே."

"இது எல்லாருக்கும் பொதுவா வச்சது அத்தே."

"பொதுவா எவடீ புள்ள பெத்தா?"

சொல்லிவிட்டுப் பையைத் திறந்தார். வெற்றிலைதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே வாழையிலை, சோறு, உளுந்து வடை, வேகவைத்த கப்பைக்கிழங்கு, அமாவாசை என்றும் பார்க்காமல் சின்ன டப்பாவில் மீன் குழம்பு. எப்போது சமைத்தார் என்றே எனக்குத் தெரியாது. சிலையின் பூட்ஸ் அருகில் இலையை விரித்து எல்லாவற்றையும் வைத்தார். குனிந்து பூட்ஸுக்குச் சந்தனம் தொட்டு வைத்தார்.

காவல்காரர் விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தார். "அம்மே, இவிடே இதொண்ணும் வைக்கான் பாடில்லா! எடுக்கு, எடுக்கு!"

இங்கே எதுவும் வைக்கக் கூடாதாம். அத்தை நகரவில்லை. என்னைப் பார்த்தார். எப்படியோ, "சேட்டா, மகன் பட்டாளத்தில் மரிச்சு. உடம்பு வந்நில்லா. இந்நாணு ஆத்யமாயிட்டு சோறு வைக்குந்நது," என்றேன். இன்றுதான் முதல் முறையாக வைக்கிறார் என்று சொன்னதும் அழுதுவிட்டேன்.

காவல்காரர் குனிந்து இலையைப் பார்த்தார். பிறகு, "காக்க எடுக்குந்நது வரே இரிக்கட்டே," என்று தள்ளிப் போனார். காக்கை எடுக்கும்வரை இருக்கட்டுமாம். அவர்களும் காக்கைக்குத்தானே வைக்கிறார்கள்.

அத்தை "கா, கா" என்று கூப்பிட்டார். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கடலை தின்றவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்து மரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு காக்கை வந்து இரும்புத் தொப்பிமேல் உட்கார்ந்தது. கீழே குதித்தது. வடையை விட்டுவிட்டு மீன் துண்டைக் கவ்விக்கொண்டு பறந்தது.

"மீனத்தான் எடுப்பான்னு தெரியும்," என்றார் அத்தை.

இலையைச் சுருட்டி எடுத்து, சந்தனத்தை முந்தானையால் துடைத்தார். திரும்பி வரும்போது போட்டில் சொன்னார்: "அடுத்த வருஷம் வீட்லயே வச்சுருவோம்டீ. அவன் அண்ணனும் கூட இருக்கட்டும்."