கழுத்தில் சுற்றிய துணி

நெறி கட்டி வீங்கிய மகளின் கழுத்தில் மனைவி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினாள். அந்த வாசனைக்கு என் முகம் சுருங்கியது.

"படிச்ச துரைக்கு இந்த வைத்தியம் பிடிக்காதாக்கும்," என்றாள்.

சின்ன வயதில் மாதம் தவறாமல் எனக்குக் காய்ச்சல் வந்து கழுத்தில் நெறி கட்டும். அம்மா இதே பற்றைப் போட்டு, துணி சுற்றி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். அது போர்க்காலம். கொழும்பு வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் ஒவ்வொரு முறையும் துணியை அவிழ்ப்பான். புலிகள் கழுத்தில் கட்டும் சயனைட் குப்பியைத் தேடி வீக்கத்தை அழுத்துவான். நான் அலறுவேன்.

"வருத்தக்காரப் பிள்ளை, மாத்தையா," என்று அம்மா கும்பிடுவார்.

பிறகு பற்றுப் போடுவதையே விட்டுவிட்டார். "கழுத்து வெறுமையா இருந்தாத்தான் விடுவாங்கள். நோவைப் பொறுத்துக்கொள், ராசா."

மனைவி துணியை எடுத்தாள். "சுத்தட்டோ, வேண்டாமோ?"

"வடிவாச் சுத்து," என்றேன். "ஆர் வந்து அவிழ்க்கிறான் எண்டு பாப்பம்."