பத்தொன்பதாம் பக்கத்து வில்லங்கம்

நியூ ஜெர்சியில் ஒரு டைட்டில் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சொத்து வாங்குமுன் நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பார்களே, அதே வேலைதான். இங்கே அதற்கு டைட்டில் சர்ச் என்று பெயர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நினைத்தாலே வயிறு எரிகிற ஒரு ஃபைலைப் பற்றிச் சொல்கிறேன்.

பிஸ்கட்டவே பக்கம் ஒரு பழைய டிரை கிளீனிங் கடைக் கட்டிடம். வாங்க வந்தவள் சுதா, ஈரோட்டுப் பெண். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு அங்கே டேகேர் ஆரம்பிக்க இருந்தாள். ரொக்கமாக வாங்கியதால் துருவிக் கேட்க பேங்க் இல்லை. வக்கீலும் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு தமிழ் ரியல்டர், அதாவது சொத்துத் தரகர்தான். ஊரே அவரை அண்ணா என்று கூப்பிடும்.

"ஆன்ட்டி, ஆடி பொறக்கறதுக்குள்ள க்ளோசிங் முடிச்சுக் குடுத்துடுங்க, ப்ளீஸ்" என்று சுதா போனில் கேட்டாள். நம்ம பெண்ணாச்சே என்று நானும் அவள் ஃபைலை முன்னால் இழுத்துப் போட்டேன்.

சர்ச்சில் ஒரு லியன் வந்தது. பழைய கடைக்காரர் கொட்டிய கெமிக்கல் மண்ணில் இறங்கியிருந்தது. அதில் ஒரு பகுதியை அரசாங்கம் சுத்தம் செய்து, அந்தச் செலவுக்காகச் சொத்தின் மேல் பிடி போட்டிருந்தது. மீதி இன்னும் மண்ணிலேயே கிடந்தது. மேனேஜரிடம் ஓடினேன். அவரும் சென்னைக்காரர்தான்.

"எக்செப்ஷன்ல போட்டுட்டீங்கல்ல? அதோட நம்ம வேலை முடிஞ்சுது. படிக்கலேன்னா அவங்க தலையெழுத்து" என்றார்.

போட்டேன். 'இதற்கெல்லாம் கம்பெனி பொறுப்பில்லை' என்கிற பட்டியலில், ரிப்போர்ட்டின் பத்தொன்பதாம் பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில். என்ன ஒரு கடமையுணர்ச்சி!

ரியல்டரிடமும் நானே சொன்னேன். "அதெல்லாம் பழைய பேப்பர்ம்மா, அப்புறம் பாத்துக்கலாம். நாள் தள்ளிப்போச்சுன்னா பார்ட்டி கைய விட்டுப் போயிடும்" என்றார் அந்த மகானுபாவர்.

ஆடி பிறப்பதற்கு முதல் நாள் க்ளோசிங் நடந்தது; சுதா கிரயக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள். எனக்கு ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டுவந்திருந்தாள். வாங்கிக்கொண்டேன்.

டேகேர் லைசென்ஸுக்கு அப்ளை பண்ணியபோதுதான் விஷயம் வெடித்தது. மண்ணும் உள்ளே இருக்கிற காற்றும் சுத்தம் என்று சான்று வரும்வரை ஒரு குழந்தையைக்கூட உள்ளே விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சுதா நேரே என் மேஜைக்கு வந்தாள். நான் பத்தொன்பதாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன், வெட்கமே இல்லாமல்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியும். ஒரு போன் பண்ணியிருக்கலாமே ஆன்ட்டி? ஆடியாவது ஒண்ணாவதுன்னு நிறுத்தியிருப்பேனே" என்றாள்.

அந்த ரியல்டரையும் மேனேஜரையும் இன்றுவரை திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்த ஒரு போனைப் பண்ணாதது நான்தான். அதன் பிறகு லியன் வந்த எந்த ஃபைலையும், வாங்குகிறவரைக் கூப்பிட்டு வாயால் சொல்லாமல் நான் மூடியதில்லை. மேனேஜர் முறைத்தால் முறைக்கட்டும். நீங்களும் கூப்பிடுங்கள். சுதாவின் கட்டிடம் இன்னும் பூட்டியே கிடக்கிறது.