தலைப்பின் நிறம்

என் கம்ப்யூட்டர் பேசும் வேகத்தில் எனக்கு அப்போதெல்லாம் பெரிய கர்வம். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் அந்தக் குரலை, வேறு யாருக்கும் எளிதில் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டிருந்தேன். புதிதாகக் கேட்பவர்கள் வண்டு கத்துகிறது என்பார்கள். எனக்கு அது தெளிவாகக் கேட்கும். அதுவும் முழுவதும் கேட்க மாட்டேன், முதல் அசையிலேயே புரிந்துவிட்ட மாதிரி அடுத்த விசையை அழுத்திவிடுவேன்.

நான் நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். அதனால் நான் வேலை பார்த்த போர்ட் பிளேரில் பாதிப் பேர், எனக்குச் சுனாமியில்தான் கண் போனது என்று நினைத்திருந்தார்கள். உண்மையில் அலை வருவதற்கு முன்பே எனக்குப் பாதிப் பார்வை கிடையாது. பரம்பரை வியாதி. மிச்சமும் போனபோது யாரும் காரணம் கேட்கவில்லை, நானும் திருத்தவில்லை. அந்த நினைப்பால் கிடைத்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதவே கூசுகிறது. ஆனால் நான் எழுத வந்தது இதைவிடக் கேவலமான ஒன்று.

சுனாமிக்கு நாலைந்து வருஷம் கழித்து, தீவுகளில் கட்டிக்கொண்டிருந்த நிரந்தர வீடுகளைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி அறிக்கை தயாராகும். நான் நிரந்தரப் பணியாளன். பக்கத்து மேஜையில் ஒரு பெண், ஒப்பந்த வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் அதிகாரி கையெழுத்துப் போட்டு நீட்டித்தால்தான் அவளுக்கு வேலை. அவள் வீட்டார் ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம்கள், பஜாரில் அவளுடைய அத்தா குடைக் கடை வைத்திருந்தார். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். நான் தட்டி முடித்ததைப் பிரதி எடுத்துக் கட்டுவது அவள் வேலை.

அங்கே மற்றவர்கள் தலைப்புப் போடுகிற லட்சணத்தைச் சொல்ல வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிவிட்டால் அவர்களுக்குத் தலைப்பு ஆகிவிட்டது. கண்ணுக்கு அது தலைப்புதான், என் குரலுக்கோ அதுவும் இன்னொரு வரி. கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு ஒன்றை அழுத்தினால்தான் அது முறையான முதல் தலைப்பு, இரண்டை அழுத்தினால் உள்தலைப்பு. அப்படிப் போட்டுவிட்டால் ஒரே தட்டலில் எல்லாத் தலைப்பும் எனக்குப் பட்டியலாக வரும். தீவின் பெயருக்கு ஒன்று, கிராமத்துக்கு இரண்டு. ஒரு தலைப்பின் பாணியை, அதாவது ‘ஸ்டைலை’, மாற்றினால் போதும், அந்த வகைத் தலைப்புகள் எல்லாம் கூடவே மாறும். இதைச் சென்னையில் பயிற்சிக்குப் போன இடத்தில் கற்றுவந்து, “நீங்க போடுறது தலைப்பு இல்ல, வெறும் பெயிண்ட்” என்று எல்லோரையும் கேலி செய்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை அதிகாரி அந்தப் பெண்ணிடம் வந்தார். தலைப்பெல்லாம் நீலமாக இருக்கிறது, கறுப்பில் வேண்டும், இன்னும் பெரிதாக வேண்டும், பதினொரு மணிக்கு மீட்டிங் என்றார். நாற்பது தலைப்புக்கு மேல் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “ஒரு நிமிஷ வேலை சார். இவ செஞ்சா மத்தியானம் ஆயிடும்.”

பாணியின் பெட்டியைத் திறந்தேன். மாற்று என்ற இடத்துக்கு டேப் அடித்துப் போனேன். எழுத்தின் அளவு, தடிமன், பிறகு நிறம். நிறப் பெட்டியில் முதலில் இருப்பது ‘ஆட்டோமேட்டிக்’, தாளில் அது கறுப்பாக விழும். அதற்கு நேர் கீழே இருப்பது வெள்ளை. கீழ் அம்பை ஒரு தடவை கூடுதலாக அழுத்தியிருக்கிறேன். குரல் எதையோ சொல்ல ஆரம்பித்தது, வழக்கம்போல முடிக்கவிடாமல் எண்டரைத் தட்டினேன். உள்தலைப்புக்கும் விரல் அதே கணக்கில் ஓடியது. சேமித்து, “எடுத்துக்கோ” என்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கொஞ்ச நேரத்தில் அவள் தாள்களோடு வந்தாள்.

“அண்ணே, ஊர் பேரு எதுவுமே வரல. எல்லாம் காலியா இருக்கு.”

“வராம எங்க போவும்? நல்லாப் பாரு.”

“பாத்துட்டுதாண்ணே சொல்றேன். கம்ப்யூட்டர்லயும் தெரியல.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இயர்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அறை முழுக்கக் கேட்கும்படி தலைப்புப் பட்டியலை ஓடவிட்டேன். கட்சால், கேம்பல் பே என்று எல்லாப் பெயரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

“எனக்கே தெரியுது. உனக்குக் கண்ணு தெரியலையா?”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மீட்டிங்குக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. பெயர்களைப் பேனாவால் எழுதிவிடுகிறேன், வரிசையை மட்டும் சொல்லுங்கள் என்றாள். நான் சொல்லவில்லை, மறுபடி குரலையே ஓடவிட்டேன். “ஸ்லோவா வைங்கண்ணே, புரியல” என்றாள். “காதைத் தீட்டிக்கோ” என்றேன். மூன்று பிரதியிலும் அவசரமாக எழுதிக் கொடுத்து அனுப்பினாள். அதில் கட்சாலுக்கான பக்கத்தில் கேம்பல் பே பெயரும், கேம்பல் பேக்கான பக்கத்தில் கட்சால் பெயரும் மாறி விழுந்துவிட்டன.

மேலதிகாரிகள் நடுவில் எங்கள் அதிகாரி ஒரு தீவின் வீடுகளை இன்னொரு தீவின் வீடுகளாக வாசித்திருக்கிறார். திரும்பி வந்தவர் நேராக அவள் மேஜைக்குப் போனார். “பேனாவால எழுதி ரிப்போர்ட் குடுப்பாங்களா? அதுவும் தப்புத் தப்பா?” என்று ஹிந்தியில் கத்தினார். அவள் ஃபைலில் ஏதோ கோளாறு என்றாள். ஃபைல் சரியாக இருந்ததை நாங்கள் எல்லோரும் கேட்டோமே என்று யாரோ சொன்னார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு அந்த ஃபைலைத் திறந்தேன். மனசை ஏதோ உறுத்தியது. கட்சால் என்ற தலைப்பில் நின்று, எழுத்தின் விவரம் சொல்லும் விசையை அழுத்தினேன். பயிற்சியில் இதைத்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்: எதை மாற்றினாலும் இதை அழுத்திக் கேளுங்கள் என்று. அன்றைக்குத்தான் குரலின் வேகத்தைக் குறைத்துக் கேட்டேன். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து என்றது.

உடனே இரண்டு வகைத் தலைப்பையும் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றினேன். ஒவ்வொன்றாக நின்று சரிபார்த்தேன். சேமித்து மூடிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். மறுநாள் அவள் கேட்டாள்.

“அண்ணே, தலைப்பெல்லாம் இப்ப வருது. நீங்க ஏதும் மாத்துனீங்களா?”

“நான் தொடவே இல்லியே. பிரிண்டர் கோளாறா இருந்திருக்கும்.”

“அப்படியா” என்றாள்.

நான்கு வாரம் அதிகாரியின் அறையைத் தாண்டித் தாண்டிப் போனேன். ஒவ்வொரு நாளும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். பேச்சும் பெருமையுமாகத் திரிந்தவன் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? மாதக் கடைசியில் அவளுக்கு நீட்டிப்பு வரவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, “வர்றேண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமே அந்த மேஜைக்கு வேறொருவர் வந்தார். அவர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்ட அன்றுதான் எழுந்து அதிகாரியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலைக்கு ஏதாவது ஆகட்டும் என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

அவர் சிரித்துவிட்டார். “அரே சோடோ பாய், அட விடுங்க. உங்களுக்குத் தெரியல, உங்க மேல என்ன தப்பு? போய் வேலையப் பாருங்க.”

அவ்வளவுதான் தண்டனை. ஒரு சிரிப்பு. மாதக் கடைசிக்கு முன்னால் போயிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். எனக்கு எதுவும் போயிருக்காது, அவள் வேலையும் தப்பியிருக்கும். அவளைத் திரும்ப எடுக்கலாமே என்றேன். ஆள் போட்டாயிற்று என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஜாருக்குப் போய்க் குடைக் கடையைக் கேட்டு விசாரித்தேன். அவளே கடையில் இருந்தாள். உட்காருங்கண்ணே என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். நான் நின்றபடியே சொன்னேன். கலர் வெள்ளையாகிவிட்டது, நான்தான் மாற்றினேன், அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றேன்.

“எனக்கும் அன்னிக்கேதான் தெரியும்ணே” என்றாள். “மத்தியானமே செலக்ட் பண்ணிப் பாத்தேன். எல்லாம் வெள்ளை.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா.”

“சார்கிட்டயா? கண்ணு தெரியாதவர் மேல பழி போடுறான்னு சொல்வாங்க.” குடைகளை அடுக்கிக்கொண்டே தொடர்ந்தாள். “நீங்களே போய்ச் சொல்வீங்கன்னு நினைச்சேண்ணே. கடைசி நாள் அஞ்சு மணி வரைக்கும் பாத்துட்டு இருந்தேன்.”