லொறி வயிற்றில் ஒரு டக் டக்

எனக்கும் அண்ணனுக்கும் பொதுவான லொறிக்கு என் மகளைவிட வயது அதிகம். தெல்தோட்டையிலிருந்து கண்டிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றி வருவது அதன் தொழில். ஓட்டுவது அண்ணன், பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்து வருவது நான். மூன்று வாரமாக இன்ஜினுக்குள் டக் டக் என்று ஒரு சத்தம், கடன்காரன் கதவைத் தட்டுவது போல.

அலவத்துகொடயில் எங்களுக்கு வாடிக்கையான மெக்கானிக், நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். எந்த டாக்டரும் என் நெஞ்சை இவ்வளவு நேரம் கேட்டதில்லை.

"உள்ளுக்கு பேரிங் முடிஞ்சு ஈக்கி. இன்ஜினை இறக்கோணும்." அவர் வாயில் ‘இருக்கு’ எப்போதும் ‘ஈக்கி’தான்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. "இறக்குனா ரெண்டு மாசம் படுத்துக்கும். இந்தக் கெழவிய வித்துப்புடலாம்டா." கம்பளையில் பழைய லொறி வாங்கும் ஆளுக்கு அங்கேயே போன் போட்டு, சாயந்தரம் வரச் சொன்னார்.

லொறி போனால் எனக்கு என்ன வேலை? வாசிப்பதற்குச் சம்பளம் தரும் இடம் கண்டியில் இன்னும் திறக்கவில்லை. அந்தப் பயத்தில் வாயைத் திறந்தேன்.

"நானா, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல நிறுத்திப் பார்ப்போமா? பேரிங்னா, கெட்டுப்போன சிலிண்டர நிறுத்துறப்ப சத்தம் குறையணும்."

"புத்தகத்தில ஈக்கியா தம்பி?"

"ஆமா."

அண்ணன் சிரித்த சிரிப்பு அக்குறணை வரை கேட்டிருக்கும். நானா மட்டும் ஸ்பேனரை எடுத்தார். நான்கு சிலிண்டரையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். டக் டக் அசையவில்லை.

"அப்ப சத்தம் வெளியதான். பெல்ட்டக் கழட்டி ரெண்டு நிமிசம் ஓட விடுங்க" என்றேன், ஏதோ பிறந்ததே கராஜில் என்பது போல.

கழற்றினார். ஸ்டார்ட் செய்தார். சத்தமே இல்லை.

பெல்ட் சுற்றும் ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டினோம். டைனமோவைத் தாங்கும் இரும்பு மட்டும் என் கையோடு சேர்ந்து ஆடியது. அதன்மேல் விரல் தடிப்பில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. ஆயுத பூசைதோறும் இன்ஜினில் கைக்கு வாகான அந்த இடத்தில்தான் பொட்டு வைப்பேன். பழைய பொட்டை வழிப்பது பாவம் என்று, புதியதை அதன்மேலேயே அப்புவேன். நானா மண்ணெண்ணெய்த் துணியால் அத்தனை ஆண்டுப் பக்தியையும் துடைத்தார். அடியில் இரும்பு குறுக்கே வெடித்திருந்தது.

"சாமி கும்பிட்டு கும்பிட்டு வெடிப்ப மறைச்சு வச்சிருக்க" என்றார் அண்ணன்.

"கண்டுபுடிச்சது யாரு?"

பிற்பகலுக்குள் நானா வெல்டிங் வைத்து மாட்டிவிட்டார். நான் சீட்டில் ஏறிப் புத்தகத்தை விரித்தேன். வெளியே அண்ணன் மறுபடியும் போனில்.

"இல்லண்ணே, வர வேணாம். லொறி விக்கிறதுக்கில்ல. இன்ஜின்ல ஒன்னுமே இல்லையாம். யாரா? நம்ம தம்பிதான் கண்டுபுடிச்சான்... ஆமாண்ணே, படிச்சவன்."

இத்தனை வயதில் என்னைப் பற்றி அவர் வெளியாளிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை. கண்டி வந்து சேரும்வரை புத்தகத்தில் அதே பக்கத்தில்தான் இருந்தேன்.