தாழ்த்திய காரும் லமினேட் செய்த கடதாசியும்

கடல் வந்த வருடம், வாகரையில் ஒரு வான் வண்டியைத் தண்ணீர் தூக்கி மதில்மேல் வைத்திருந்ததைப் பார்த்தேன். யுத்தம் முடிந்த பிறகு, பனிச்சங்கேணியில் என் தங்கையின் புருஷன் தன் காரை நிலத்தோடு ஒட்டவைத்ததைப் பார்த்தேன். கடலுக்காவது அறிவில்லை என்று சொல்லித் தப்பலாம்.

புதிதாகக் காபட் ரோட் போட்டிருந்தார்கள். காலமெல்லாம் குழியில் விழுந்து எழும்பிய எங்களுக்கு அந்த வழுவழுப்பு தலைக்கேறிவிட்டது. மச்சான் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கி, நாலு ஸ்பிரிங்கிலும் இரண்டிரண்டு சுற்று வெட்டி எறிந்தார். கார் குந்திக்கொண்டது. நிறைமாதத் தங்கை கதவைப் பிடித்தபடி, கிணற்றுக்குள் இறங்குகிறவள்போல அதற்குள் இறங்கினாள்.

“என்ன மச்சான், காரு முழங்கால் மடிச்சு ஆரைக் கும்பிடுது?”

“உங்களுக்கு விளங்காது. இப்ப பொடியனுகள் இப்பிடித்தான் ஓடுறானுகள்.”

பொடியனுக்கு நாற்பத்தொரு வயது.

முன்சில்லுகள் இரண்டும் தலையை உள்ளே சாய்த்து, காலை வெளியே விரித்து நின்றன. அலைன்மென்ட் பார்த்தாரா என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசி எடுத்தார். லமினேட் செய்திருந்தார்! டவுனில் மிசின் கொடுத்த கடதாசி; எல்லா இலக்கமும் சரி. திகதியைப் பார்த்தேன். ஸ்பிரிங் வெட்டியதற்கு முதல்நாள்.

“மச்சான், இது வெட்ட முதல் பாத்தது. காரைப் பதிச்சா சில்லுட கோணம் முழுக்க மாறும். திரும்பப் பாக்கணும்.”

“கடதாசி இரிக்குத்தானே மச்சான்!”

இது அவருடைய தனி மடைமை அல்ல. ஊர்ப் பொது மடைமை. யுத்த காலத்தில் ஆமி மறிக்கும் சென்றியில் எங்களைக் காப்பாற்றியது ஆள் அல்ல, ஆளின் கடதாசி. அடையாள அட்டை, குடும்ப அட்டை, நிவாரண அட்டை என்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக்குக்குள் அடைத்து நெஞ்சோடு வைத்திருந்தோம். ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான். ஆள் மெலிந்தாலும், வீடு இல்லாமல் போனாலும், அட்டை மாறாது. சில்லுக்கும் அப்படித்தான் என்று மனுஷன் நம்பினார்.

நான் அந்தக் கதையைத் தேத்தண்ணிக் கடை கடையாகக் கொண்டுபோய்ச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் அவர் டயரின் வெளிப்பக்கத்துக்கு மை பூசிப் பளபளக்கவைப்பார். ஒருநாள் கழன்ற செருப்பை எடுக்கக் குனிந்தபோது முன்டயரின் உள்பக்கத்தைக் கண்டேன். வெளியே டயர் வெட்டின் பூவெல்லாம் புதிதாக நிற்க, உள்விளிம்பு மழுமழுவென்று தேய்ந்து கம்பி பல்லைக் காட்டியது. தங்கையை இதில் ஏற்றவேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

“மச்சான், டயருக்கு உள்ளுக்க வழுக்கை விழுந்திட்டு. அதையும் லமினேட் பண்ணுங்க,” என்றேன்.

“உங்களுக்கு எரிச்சல்,” என்று அவர் போய்விட்டார். எனக்கு அந்தப் பகிடி பிடித்திருந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் காலை தங்கைக்கு நோவு கண்டது. மச்சான் ஓட்டினார், நான் பின்னால் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தேன். வாழைச்சேனைக்கு இன்னும் தூரம் கிடக்க, முன்டயர் வெடித்தது. கார் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போய் மணலில் நின்றது. மாற்றுச்சில்லு இருந்தது. பதித்த காருக்கு அடியில் அதைக் கிளப்பும் ஜக் நுழையவில்லை. மச்சான் மண்டியிட்டுக் கையால் மண் தோண்டினார். தங்கை என் கையைக் கடித்தாள்.

ஓட்டமாவடி முஸ்லிம் காக்கா ஒருவர் மீன் லொறியை நிறுத்தி, “புள்ளயத் தூக்குங்க, கதைச்சு நிக்காம!” என்று கத்தினார். ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பின்னேரம் பெண் பிள்ளை பிறந்தது.

கட்டிலடியில் நின்று மச்சானைத் திட்டத் தொடங்கினேன். கம்பி தெரிந்த டயர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“அண்ணா, நீங்க கண்டீங்களா?”

“சொன்னன்தானே.”

“நீங்க சொல்லல்ல. பகிடி விட்டீங்க. அந்தாளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் என்னை ஏத்தினீங்க.”

பிள்ளையை வாங்க நீட்டிய என் கைகளை அவள் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள், பிள்ளையோடு.