பனியை நசுக்கிய பலகை

"சேச்சி, பனி எவிட போயி?"

சாலை என்கிற கடைத்தெருவில் முப்பது வருஷமாகப் படங்களுக்கு ஃபிரேம் போடுகிறவள் நான். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டவள் ரேஷ்மா, கழக்கூட்டம் என்ற ஊரில் ஐடி வேலை. ஜப்பானில் இருந்தபோது அவளுடைய மேலதிகாரி மூன்று மரக்கட்டை அச்சுப் படங்களைப் பரிசாகக் கொடுத்திருந்தார். மூன்றும் பனிமலைகள். மறுவாரம் அவர் இங்கே வருகிறார். அதற்குள் அவை அவள் வீட்டுச் சுவரில் தொங்க வேண்டும்.

படங்கள் குழாய்க்குள் சுருட்டி வந்திருந்தன. சுருண்ட காகிதத்துக்கு எங்கள் தொழிலில் ஒரே வைத்தியம்தான். பின்பக்கம் ஈரத்துணியால் ஒற்றி, இரண்டு ப்ளைவுட் பலகைக்கு நடுவில் வைத்து, மேலே கல்லை ஏற்றுவோம். முதல் மலையை அப்படித்தான் செய்தேன். மறுநாள் ஒரு சுருக்கம் இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் படத்தைக் கையில் வாங்கித்தான் ரேஷ்மா அப்படிக் கேட்டாள். பிறகு, அழுத்தாத இன்னொன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். மலையுச்சியில் மையே கிடையாது. வெறும் காகிதத்தைச் செதுக்கிய கட்டையில் வைத்துத் தேய்த்து, பனியைப் புடைக்க வைத்திருந்தார்கள். என் ஈரமும் கல்லும் அந்தப் புடைப்பைத்தான் நசுக்கியிருந்தன. ஒன்றுமில்லாத வெள்ளை என்று நான் நினைத்த இடத்தில்தான் அத்தனை வேலையும் இருந்தது. வெட்கமாக இருந்தது. என் மேலேயே ஆத்திரமாகவும் வந்தது.

"மத்த ரெண்டும் தாங்க சேச்சி, ஞான் கொண்டு போறேன்."

"கொண்டு போ மோளே. ஆனா கொஞ்ச நேரம் இரி. உன் கண்ணு முன்னால செய்யுதேன். பிடிக்கலேன்னா அப்பமே எடுத்துக்கோ."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். முகத்தைத் தூக்கியே வைத்திருந்தாள்.

ஈரமும் கல்லும் இல்லாமல் செய்தேன். மேல்விளிம்பில் மட்டும் மெல்லிய காகிதத் துண்டுகளை மைதாப் பசையால் ஒட்டி இரண்டு படங்களையும் பின்னட்டையில் தொங்கவிட்டேன். கண்ணாடி உரசாமலிருக்க, படத்தைச் சுற்றி வரும் மவுண்ட் அட்டையை இரட்டையாக வைத்தேன். காகிதம் லேசாக வளைந்து நின்றது. அழுத்திவிடக் கை துறுதுறுத்தது. அழுத்தவில்லை.

"வளவு இருந்தோட்டே," என்று அந்த வளைவை அப்படியே விடச் சொன்னாள் ரேஷ்மா. இரண்டையும் எடுத்துக்கொண்டாள். நான் கெடுத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூணாமத்தது எங்கேன்னு அவரு கேட்டா, சாலைக் கடைத்தெருவில ஒருத்தி கெடுத்துட்டான்னு சொல்லு," என்றேன்.

"சொல்லுவேன்," என்றாள்.

அந்தப் படத்தை, அழுத்தும் பலகைக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் எந்தக் காகிதத்தையும் முதலில் ஜன்னலில் சாய்த்துப் பாருங்கள். மறந்துவிட்டால் என் கடைக்கு வாருங்கள், பனியில்லாத மலையைக் காட்டுகிறேன்.